பஸ் ஸ்டாப்பில் உன்னை அதட்டிய பெண்

நங்கநல்லூர்,
சென்னை.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுத விட்டிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ சுகமாக இருப்பதில் சந்தோஷம், எலுமிச்சை காய்த்ததிலும் சந்தோஷம். ஆனால் நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அந்த பஸ் ஸ்டாப் சண்டைதானே இருக்கிறது!

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் 'பெரியவரே, சிகரெட்டை அணைங்க' என்றாளாம். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்களாம். 'இத்தனை பஸ் கரும்புகை கக்கிக்கொண்டு போகிறது, என் விரல் நீளச் சிகரெட்தானா அவள் கண்ணில் பட்டது' என்று கேட்டிருக்கிறாய். நான் உன் பக்கம் பேசுவேன் என்று நம்பித்தான் எழுதியிருப்பாய். பேசப் போவதில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2003-இல் வந்த புகையிலைச் சட்டத்தின் கீழ், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை விதிகள் அமலுக்கு வந்தன. அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்த சமயம். வெறும் திறந்தவெளிக்குத் தடை இல்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பையும் ரயில் நிலையத்தையும் அந்த விதிகளில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெண் சொன்னது சட்டப்படியும் சரி. அபராதம் 200 ரூபாய் வரை. ஒரு பாக்கெட் சிகரெட் வாங்குகிற காசுதான், அதை நினைத்து நீ பயப்பட வேண்டியதில்லை. இது போதாதென்று தமிழ்நாட்டுக்கு 2002-லேயே தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் புகை பிடிப்பதோடு எச்சில் துப்புவதையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார்கள். எச்சில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உனக்கே தெரியும்.

பஸ் புகை கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த பஸ் ஐம்பது பேரை ஊர் கொண்டு சேர்க்கிறது. உன் சிகரெட் யாரைக் கொண்டு சேர்க்கிறது? இன்னொன்றும் கேள். நீ இழுத்து விடுகிற புகை கொஞ்சம்தான். விரலிடுக்கில் சும்மா கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவதுதான் பக்கத்தில் நிற்பவருக்குப் போகும் புகையில் பெரும்பங்கு. உனக்காவது இப்போது நடுவில் பஞ்சு இருக்கிறது. அந்தக் கைக்குழந்தைக்கு அதுவும் இல்லை.

எப்போதிலிருந்து இவன் இப்படி ஆனான் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. சொல்கிறேன்.

பாரிமுனையில் நம் பழைய செக்‌ஷன் ஞாபகம் இருக்கிறதா? சுவர் முழுக்க ஃபைல் அலமாரி, திறக்காத இரண்டு ஜன்னல், மேலே கிறீச்சிடும் ஃபேன். உன் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் டைப்பிஸ்ட் அம்மா. நீ சார்மினார், நான் பஞ்சு வைத்தது. உனக்கு நெருப்புப் பெட்டியை அவர் தலைக்கு மேலேதான் எறிவேன். அவர் எப்போது பார்த்தாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார். தீராத சளி போலிருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் பரிதாபப்பட்டோம். துளசிக் கஷாயம் குடிக்கச் சொல்லி யோசனை வேறு சொன்னாய்.

அவரை இந்த வருஷம் பென்ஷன் நேர்காணலுக்குப் போன இடத்தில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. பேச்சுவாக்கில் 'அந்தச் சளி விட்டுச்சாம்மா?' என்று கேட்டேன்.

'எனக்கு ஏது சார் சளி? உங்க ரெண்டு பேர் புகைதான்.'

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'அப்பவே சொல்லியிருக்கலாமே' என்றேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்: 'நான் அப்ப டென்-ஏ-ஒன்ல இருந்தேன் சார். நீங்க ரெண்டு பேரும் பர்மனென்ட்.'

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. டென்-ஏ-ஒன் என்கிற தற்காலிக நியமனத்தில் இருக்கிறவள் பக்கத்து மேஜைக்காரனைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? அவர் மூக்கைப் பொத்திக்கொண்டது நம்மைக் கேட்காமல் செய்துகொள்ளக்கூடிய ஒரே காரியம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து சிலதைத் தேடிப் படித்தேன். 1981-இல் ஜப்பானில் ஹிராயாமா என்கிற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். தாங்கள் புகைக்காத மனைவிமார் 91,000-க்கும் அதிகமானவர்களைப் பதினாலு வருஷம் கவனித்ததில், கணவன் அதிகம் புகைக்கிற வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருக்கிறது. சிகரெட் கம்பெனிகள் அதை மறுக்க வெகுநாள் பாடுபட்டன, முடியவில்லை. 1981 என்றால் நாம் வேலைக்குச் சேர்ந்த சமயம். நமக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம் என்பது வேறு. அடுத்தவர் புகையால் மட்டும் உலகத்தில் வருஷத்துக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே கமலா இருமினாள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், மிளகாய் நெடிதான். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் கூடத்து நாற்காலியில் பேப்பரும் சிகரெட்டுமாக இருந்தவன் நான். அவளிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் டைப்பிஸ்ட் அம்மா மாதிரி ஒரு பதில் வந்துவிட்டால்?

நான் விட்ட கதை உனக்குத் தெரியும், அதில் வீரம் ஒன்றும் இல்லை. 2008 விதிகளில் ஆபீஸும் பொது இடமாகிவிட்டது. ஆஷ்ட்ரே, தீப்பெட்டிகூட வைக்கக் கூடாது. தம் அடிக்க நாலு மாடி இறங்கி, ரோட்டைத் தாண்டி, டீக்கடைக்குப் போக வேண்டும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. முழங்கால்தான் என்னைத் திருத்தியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்பது நாலாகி, ஒன்றாகி, அடுத்த பொங்கலுக்குள் நின்றேபோனது. ஆனால் சுந்தரம், அந்த டீக்கடை மாஸ்டரை நான் அப்போது ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சுற்றியிருந்த ஆபீஸ் அத்தனையின் புகையும் படி இறங்கி அவர் பாய்லரைச் சுற்றித்தான் நின்றது. சிகரெட் பற்றவைக்கக் கம்பத்தில் கட்டிய கயிற்று நுனி காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அவர் காதருகே கனன்றுகொண்டிருக்கும்.

இப்போது எங்கள் குடியிருப்புக்கு வருகிறேன். என் மகள் பிரசவத்துக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தேனே. பேத்திக்கு நாலு வயசு. வீசிங் உண்டு, பனிக்காலம் வந்தால் நெபுலைசரும் கையுமாக இருப்போம். கீழ் வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரி ஷிஃப்ட். அவன் பால்கனியில் பற்றவைத்தால் நேரே எங்கள் ஜன்னலுக்கு வரும். வீட்டுக்குள்ளே எந்தச் சட்டமும் வராது. ஆகவே நேரில் போய்ச் சொன்னேன். நல்ல பையன். 'சாரி அங்கிள், எங்க பாப்பா இருக்குன்னு வொய்ஃப் உள்ள விடமாட்டேங்கறாங்க, அதான் பால்கனி' என்றான். அவன் குழந்தையைக் காப்பாற்ற வெளியே வந்த புகைதான் என் பேத்தியிடம் வந்திருக்கிறது. இனிமேல் கீழே போய்ப் பிடிக்கிறேன் என்றான். காரியம் முடிந்தது என்று நானும் மாடியேறிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி மோட்டார் போடக் கீழே போனேன். கார் நிறுத்துகிற இடத்தில் இவனும் பக்கத்து பிளாக் பையன்கள் இரண்டு பேரும் நின்று ஊதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றடி தள்ளி, மீட்டர் பெட்டிக்குக் கீழே, ஸ்டூலில் வாட்ச்மேன் பெரியவர், துண்டை வாய்மேல் கட்டிக்கொண்டு. அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு முந்தானை ஞாபகம் வந்துவிட்டது.

பையன்கள் போனதும் கேட்டேன். 'தெனமும் இதான் சார். நான் எப்டி சார் சொல்றது? சம்பளம் குடுக்கற வூட்டுப் புள்ளைங்க' என்றார். முன்பு காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர் அவர். எனக்கு அதுகூட அன்றுதான் தெரியும். அவனைக் கீழே அனுப்பியதே நான்தானே!

அசோசியேஷன் கூட்டத்தில் எழுப்பினேன். 'நம்ம பார்க்கிங் எப்படி சார் பப்ளிக் பிளேஸ் ஆகும்?' என்றார் செக்ரட்டரி. 'உங்களுக்கு அது பார்க்கிங், பெரியவருக்கு அதுதானே ஆபீஸ்' என்றேன். அரை மணி நேரம் சட்டம் பேசினார்கள். கடைசியில் ஒரு போர்டு மாட்டினார்கள். அது போதாதென்று அந்தப் பையனையே பிடித்தேன், தனியாக, டீ வாங்கிக் கொடுத்து. டைப்பிஸ்ட் அம்மா கதையைச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது தெருக்கோடியில் உள்ள காலி மனைக்குப் போகிறான். மழையென்றால் குடையோடு போகிறான். பாக்கெட்டில் போட்டிருக்கும் 1800-11-2356 எண்ணுக்கு ஒரு தரம் பேசினானாம். விட்டுவிடுவானா தெரியாது, நான் கேட்கவும் இல்லை. பெரியவர் இப்போது துண்டைத் தோளில் போட்டிருக்கிறார்.

பொங்கல் கழித்து வருவதாக எழுதியிருக்கிறாய். அவசியம் வா, பத்து நாளாவது தங்கும்படி வா. வீட்டில் பிடிக்க இடம் கிடையாது, பால்கனியும் கிடையாது, பார்க்கிங்கும் கிடையாது. காலி மனை வரைக்கும் துணைக்கு நானும் வருகிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் நின்றுகொள்வேன். அப்புறம், டைப்பிஸ்ட் அம்மா வேளச்சேரியில்தான் இருக்கிறார். நீ வந்தால் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். துளசிக் கஷாயம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வரும்போது உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கி வா, இங்கே கிடைப்பது கலப்படம்.

உன்,
வைத்தி