சொல்லிவிட்டு எண்ணட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொது இடங்களில் இலவச வைஃபை வருவதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அந்த வைஃபை நம்மைப் பற்றி எதைக் குறித்துக்கொள்கிறது என்றும் எழுதுங்கள். ஒரு கல்லூரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் கேட்கிறேன்.

வைஃபை ஆன் ஆகியிருந்தால் போதும், பக்கத்தில் என்ன நெட்வொர்க் இருக்கிறது என்று போன் தேடிக்கொண்டே இருக்கும். அப்போது அது எந்த போன் என்று காட்டும் மேக் முகவரி என்ற அடையாள எண்ணும் வெளியே போகும். அதைத் தொடர்ந்து குறித்துக்கொண்டால் அந்த போன் எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரிந்துவிடும்.

லண்டனில் 2013-இல் விளம்பரத் திரை பொருத்திய 12 குப்பைத் தொட்டிகள், தெருவில் போகிறவர்களின் போன்களை அவர்களுக்குத் தெரியாமலே எண்ணின. விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அதே ஊரில் 2016 நவம்பர் 21 முதல் நான்கு வாரம், பாதாள ரயிலின் 54 நிலையங்களில் போக்குவரத்துத் துறை போன்களை எண்ணியது. இந்த முறை நிலையங்களில் அறிவிப்பு மாட்டினார்கள். வேண்டாதவர்கள் வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எண்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் வைத்தார்கள்.

அதில் கிடைத்த பலன் சின்னதல்ல. நிலைய வாசலில் டிக்கெட்டைச் சரிபார்க்கும் கேட்டுக்கு ஏறிய இடமும் இறங்கிய இடமும்தான் தெரியும், நடுவில் எந்த வழியில் போனார்கள் என்று தெரியாது. கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வாட்டர்லூ நிலையத்துக்கு ஜனங்கள் 18 வழிகளில் போவதை வைஃபை கணக்கு காட்டியது. சுமார் 40 சதவீதம் பேர், அதிகக் கூட்டம் போகும் இரண்டு வழிகளையும் எடுக்கவே இல்லை! நெரிசலைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தகவல். அதனால் எண்ணவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எந்த மாடியில் சிக்னல் திணறுகிறது என்று அறிய நானும் தினமும் எண்ணுகிறேன்.

இப்போதைய போன்கள் மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன, சரி. ஆனால் நம் ரயில் நிலையங்களில் போன் நம்பர் கொடுத்து, ஓடிபி வந்த பிறகுதான் வைஃபை கிடைக்கிறது. நம்பரையே கொடுத்துவிட்ட பிறகு மேக் முகவரியை மறைத்து என்ன பயன்?

ஓடிபி கேட்கும் அதே திரையில், எதைச் சேமிக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள் என்று தமிழில் நான்கு வரி போட வேண்டும். நிலையச் சுவரிலும் ஒரு பலகை வேண்டும். உங்கள் நிருபர்கள் இதை அதிகாரிகளிடம் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி