எவ்வளவு போனது என்று அங்கேயே தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் அறிவார்ந்த தேசம் (ஸ்மார்ட் நேஷன்) திட்டம் என்று ஆரம்பித்தாலே பேச்சு செயற்கை நுண்ணறிவு, மின்னிலக்கப் பொருளியல் என்று எங்கோ மேலே போய்விடுகிறது. 2014 நவம்பரில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொடங்கிவைத்த திட்டம் அது, 2024 அக்டோபரில் பிரதமர் லாரன்ஸ் வோங் அதன் இரண்டாம் கட்டத்தை அறிவித்தார், இடையில் நமக்குக் கிடைத்த வசதிகள் கொஞ்சநஞ்சமல்ல. அதையெல்லாம் குறை சொல்ல நான் எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பேருந்திலும் ரயிலிலும் பயண அட்டையைத் தட்டும்போது எவ்வளவு போனது, மீதி எவ்வளவு இருக்கிறது என்று அந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்ததால்தான் 2024 ஜனவரியில் அத்தனை பிரச்சினை.

ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு செய்தது. பழைய வகை ஈஸிலிங்க் அட்டைகளும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் ஜூன் 1 முதல் பேருந்திலும் ரயிலிலும் செல்லாது, எல்லாரும் சிம்ப்ளிகோ என்ற இன்னொரு கட்டண முறைக்கு மாறிவிடுங்கள் என்றது. சிம்ப்ளிகோவில் கட்டணமும் மீதமும் வாசல் திரையில் வராது, செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், ஊரே கொதித்தது. 13 நாள் கழித்து, 22ஆம் தேதி, அறிவிப்பை மீட்டுக்கொண்டார்கள். பழைய முறையைக் குறைந்தது 2030 வரை ஓட்டுவதற்குக் கூடுதலாக 40 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவு.

ஏன் திரையில் வராது என்பதைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் குறையும். பழைய அட்டையில் பணக் கணக்கு அட்டைக்குள் இருக்கும் சிப்பிலேயே இருக்கிறது. கருவி அதைப் படித்து, கழித்து, அங்கேயே காட்டிவிடுகிறது. சிம்ப்ளிகோவில் அட்டை என்பது ஓர் அடையாளம் மட்டும், கணக்கெல்லாம் பின்னால் வேறொரு கணினியில் நடக்கிறது. அங்கே கேட்டு வாங்கித் திரையில் காட்ட மேலும் சில விநாடி பிடிக்கும், காலை எட்டரை மணிக் கூட்டத்தில் அது ஆகாது என்றார்கள். நியாயம்தான். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் ஒருவர் மூன்று விநாடி நின்றாலே பின்னால் இருப்பவர் முனகுவார். ஆனால் பேருந்தில் ஏறும் மனிதருக்கு அந்த எண் எதற்குத் தேவை என்பதை, முடிவெடுப்பதற்கு முன்பே யாராவது விசாரித்திருக்கலாம்.

அப்போது இணையத்தில் சிலர், வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே பயம் என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். ஈஸிலிங்க் அட்டை 2002இல் வந்தபோது அதுவும் புதுத் தொழில்நுட்பம்தானே? காந்தப் பட்டை அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதே ஆட்கள்தான் மாறினார்கள், இருபது வருடத்துக்கு மேல் தட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். அட்டையில் பத்து வெள்ளியோ இருபது வெள்ளியோ போட்டு வைத்திருப்பவர், போய்த் திரும்பி வரக் காசு போதுமா என்று இறங்கும்போதே ஒரு பார்வை பார்க்கிறார். வெளியேறும்போது தட்ட மறந்து கட்டணம் கூடுதலாகப் பிடிபட்டிருந்தால் அடுத்த முறை ஏறும்போதே கண்டுபிடிக்கிறார். இதற்குப் பெயர் பயம் இல்லை, கணக்கு. கைப்பேசியில் வங்கிக் கணக்கையே வைத்திருக்கும் நடுவயதுக்காரர்களும்தான் அன்று சத்தம் போட்டார்கள்.

சரி, நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். கைப்பேசி எண்ணை வைத்தே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில் எண்ணைப் போட்டதும் பெறுபவரின் பெயர் முதலில் வருகிறது, பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். அந்த ஒரு வரியால் எத்தனை பேர் தவறான ஆளுக்குப் பணம் அனுப்பாமல் தப்பித்திருப்பார்கள்! 2023 பிப்ரவரியில் பேநவ்வை இந்தியாவின் யுபிஐயோடு இணைத்ததும் அப்படித்தான், வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வரிசையில் நிற்காமலே நாளுக்குச் சுமார் ஆயிரம் வெள்ளி வரை வீட்டுக்கு அனுப்பலாம், அவர் வங்கியில் அந்த வசதி இருந்தால். அப்புறம், ஊருக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், டீக்கடை மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, பணம் வந்ததும் இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே சத்தமாகச் சொல்லும். கை ஈரமாக இருக்கும் கடைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கே எங்கள் வட்டார உணவங்காடியில் தேநீர்க் கடை ஆன்ட்டி, கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் நீட்டும் திரையைச் சரியாகப் பார்க்காமலே தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விடுகிறார். யாராவது பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால்கூட அவருக்குத் தெரியப் போவதில்லை.

மோசடி விஷயத்திலும் இதே சிக்கல். 2024இல் மட்டும் மோசடிகளில் நம் நாட்டில் போனது 1.1 பில்லியன் வெள்ளி. குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள் என்று நாள்தோறும் எச்சரிக்கிறார்கள், வங்கிகள் லிங்க் அனுப்புவதையே 2022இல் நிறுத்த வைத்தார்கள், நல்லது. ஆனால் அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வருவது குறுஞ்செய்தி லிங்க்காகத்தானே? அனுப்புநர் பெயர் அரசாங்கத்துடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள், ஆங்கிலம் படிக்காத என் மாமியாருக்கு இந்த வித்தியாசத்தை நான் எப்படிப் புரியவைப்பது? அவர் எல்லா லிங்க்கையும் ஒதுக்குகிறார், பற்றுச்சீட்டையும் சேர்த்து. நல்லவேளை, சமூக மன்றத்தில் காகிதத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். அந்தக் காகிதத்தில் எத்தனை மீதி என்று அவர் எண்ணிப் பார்த்துக்கொள்கிறார். இந்த வழியை, எல்லாரும் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள் என்று ஒருநாள் சத்தமில்லாமல் மூடிவிடக் கூடாது.

2030 என்பது தூரத்தில் இல்லை. அடுத்த கட்டண முறையை இப்போதே யாராவது வடிவமைத்துக்கொண்டிருப்பார்கள். கதவில் காட்ட நேரம் போதாது என்றால், முந்தைய பயணம் வரையான மீதத்தையாவது காட்டட்டும். அல்லது ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் தட்டிப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று, நான்கு மொழியிலும். அறிவிப்புக்கு முன்னால் ஒரு மாதம் ஈசூன் பேருந்து முனையத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும், காய்கறிப் பையோடு வரும் ஆட்களிடம்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்