டெபுடி சீஃப் பதவியை உருவாக்கி, சிவில் சர்வீஸ் விதிகளிலிருந்து விலக்கு பெறக் கோரும் மனு

அனுப்புநர்: நகர வாக்காளர்கள் பதினான்கு பேர்
பெறுநர்: தலைவர், உறுப்பினர்கள், நகர செலக்ட் போர்டு (நகர நிர்வாகக் குழு), மாசசூசெட்ஸ்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நம் காவல் துறையில் தலைவரான சீஃப்புக்கு அடுத்து டெபுடி சீஃப் (துணைத் தலைவர்) என்று ஒருவர் இல்லை. அந்தப் பதவியை உருவாக்கி, மாநிலப் பொதுச் சட்டம் 31ஆம் அத்தியாயத்தின் சிவில் சர்வீஸ் விதிகளுக்கு, அதாவது தேர்வு மதிப்பெண்படி ஆளெடுக்கும் விதிகளுக்கு, வெளியே வைக்க வேண்டும். இதற்கான தீர்மானத்தை நகர முடிவுகளுக்கு வாக்களிக்கும் வருடாந்திர டவுன் மீட்டிங்கின் வாரண்டில் (நிகழ்ச்சி நிரலில்) இந்த முறை சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கையெழுத்திட்டவர்களில் முதலாமவனான நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன ஜனவரியில், மறதி நோயுள்ள என் அம்மா விடியற்காலை மூன்று மணிக்குச் சேலையும் ஸ்வெட்டருமாகப் பனியில் இறங்கி நடந்துவிட்டார். ரோந்தில் வந்த அதிகாரி அவரை அதட்டவில்லை. காரில் ஹீட்டரைப் போட்டு, தன் கையுறைகளைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டிவிட்டு, புரியாத தமிழைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஓட்டிவந்து, விளக்கெரிந்த எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். இப்படிப்பட்டவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று தன் லெப்டினன்ட் சொல்லித் தந்ததாக அப்புறம் சொன்னார். அவருடைய ஷிஃப்டுக்கு மட்டும்தான். வேறொரு ஷிஃப்டில் அம்மா வெளியே போயிருந்தால்? எல்லா ஷிஃப்டுக்கும் பயிற்சியைப் பொறுப்பாகப் பார்க்க மேலே ஒருவர் வேண்டும்.

அந்த டெபுடி சீஃப்பை ஏன் சிவில் சர்வீஸ் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது என்று கேட்கலாம். பதவி உயர்வுக்குத் தேர்வு மதிப்பெண் பட்டியல்தான் அடிப்படை. ஒரே காலியிடம் என்றால் முதல் மூன்று பேருக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே இருப்பவரைத் தாண்டினால் எழுத்தில் காரணம் தர வேண்டும். தாண்டப்பட்டவர் சிவில் சர்வீஸ் ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். சார்ஜென்ட் பதவிக்கு இது சரி. பயிற்சி, பட்ஜெட், புகார் விசாரணை மூன்றையும் சுமக்கப்போகிறவரை, வெளியூர்களில் பணியாற்றியவர்களையும் அழைத்து, நேரில் பேசிப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

விலக்கு கிடைத்தால் வேண்டியவருக்குப் பதவி போய்விடுமோ என்ற பயம் எங்களுக்கும் உண்டு. 1884இல் இந்த மாநிலம் சிவில் சர்வீஸ் சட்டம் கொண்டுவந்ததே சிபாரிசை ஒழிக்கத்தான். அதனால் காலியிடத்தை வெளிப்படையாக விளம்பரப்படுத்த வேண்டும், நேர்காணல் குழுவில் குடிமக்களும் இருக்க வேண்டும், தக்க காரணமும் விசாரணையும் இல்லாமல் பதவிநீக்கம் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். இப்போதுள்ள அதிகாரிகளின் சிவில் சர்வீஸ் பாதுகாப்பில் கை வைக்க வேண்டாம். நம் லெப்டினன்ட் ஒருவர் டெபுடி சீஃப் ஆனால், பழைய பதவிக்குத் திரும்பும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.

வருடாந்திர வாரண்டில் ஒரு தீர்மானம் சேர்க்கப் பத்து வாக்காளர் கையெழுத்து போதும். எங்களிடம் பதினான்கு இருக்கிறது. ஆனாலும் போர்டே, நகர வழக்கறிஞரைக் கொண்டு எழுதிச் சேர்ப்பதுதான் நல்லது. மாநிலச் சட்டத்திலிருந்து விலக்கு கேட்பதால், டவுன் மீட்டிங் ஒப்புக்கொண்ட பிறகு இது மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும், அப்புறம் ஆளுநர் கையெழுத்துக்கும் போக வேண்டும். வாசகத்தில் பிழை இருந்தால் மறுபடி டவுன் மீட்டிங்கிலிருந்து தொடங்க நேரலாம்.

அடுத்த கூட்டத்தில் இதுபற்றிப் பேச எங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்திட்டுள்ள வாக்காளர்கள்