ஒரே விரிப்பின் கீழ் இரண்டு மேசைகள்

லங்காஸ்டர், பென்சில்வேனியா
நவம்பர் 30

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்குத் திட்டப்போகிறாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி. நீ கொடுத்த தைலத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை எழுதினால் இனி அந்தத் தெருப் பக்கமே போகமாட்டாய்.

நீ 'உன் தாடிக்காரர்' என்று கேலி செய்யும் பக்கத்துப் பண்ணை ஆமிஷ்காரரின் (சொந்தக் கார்கூட வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சபை அவர்களுடையது) மகளுக்குப் போன வியாழக்கிழமை திருமணம். அறுவடை முடிந்த இந்தப் பருவத்தில் செவ்வாயும் வியாழனும்தான் இவர்களுக்கு முகூர்த்த நாள்கள். கும்பகோணத்துக்காரனான என்னையும் 'ஆங்கிலேயன்' என்றே அழைக்கும் அந்த வீட்டில் (சபைக்கு வெளியே உள்ள எல்லோருக்கும் அதுதான் பெயர்) சாய்மானம் இல்லாத பெஞ்சில் மூன்று மணி நேரம் ஜெர்மன் பாட்டும் பிரசங்கமும் கேட்டேன். மேசைகளில் பூச்சாடிக்குப் பதிலாகக் கண்ணாடிச் சாடிகளில் செலரித் தண்டுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வெள்ளிக்கிழமை இரவைப் பற்றி. மணமக்கள் மறுநாள் பெண் வீட்டிலேயே இருந்து பாத்திரம் கழுவி, வீட்டை ஒழுங்கு செய்வது வழக்கம். அது முடிந்ததும் வீட்டார் மட்டும் சாப்பிட உட்கார்ந்தபோது என்னையும் அழைத்தார்கள். பெரியவரின் வலப்பக்கம் எனக்கு இடம். கூட்டத்துக்கு அஞ்சித் திருமணத்துக்கு வராத இளைய மகனும் வந்திருந்தான். நான் குவளையை வைத்த இடத்தில் துணி உள்வாங்கித் தண்ணீர் கொட்டியது. விரிப்புக்கு அடியில் தடவிப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒரு மேசை அல்ல, இரண்டு. நடுவில் நான்கு விரற்கடை இடைவெளி. அந்தப் பக்கத்து மேசை அவனுக்கு மட்டும்.

மூத்தவனும் சபையை விட்டுப் போனவன்தான், சரக்கு லாரி ஓட்டுகிறான். ஆனால் அவன் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே போய்விட்டதால் எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். இளையவன் பத்தொன்பது வயதில் சபை முன் மண்டியிட்டு, ஞானஸ்நானம் பெற்று வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டுகளில் மீறியவன். அதனால் அவனுக்குச் சபையின் விலக்கு. அவன் காரில் தாய் ஏறக்கூடாது. அந்தக் கார் முற்றத்திலேயே நிற்கும்போது, மைல் கணக்கில் எனக்குக் கூலி கொடுத்து, என் காரில் அவன் குடியிருக்கும் இடத்துக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறார் அந்த அம்மாள். கூலியை வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. வாங்கினால் எனக்குக் கை கூசுகிறது.

பொறுக்கமாட்டாமல் மறுநாள் மாட்டுக் கொட்டகையில் பெரியவரிடம் கேட்டேவிட்டேன். 2006 அக்டோபரில் இதே மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டு, ஐந்து பேர் இறந்தபோது, அவனை மன்னித்து, அவனுடைய அடக்கத்துக்கும் போய் நின்று, அவன் மனைவிக்கு ஆறுதல் சொன்னவர்கள் இவர்கள். அவனை மன்னித்த மனம் சொந்த மகனிடம் மட்டும் இல்லையா என்றேன். பால் கறப்பதை நிறுத்தாமலேயே பதில் சொன்னார்: மகனை அவன் போன அன்றே மன்னித்துவிட்டாராம், ஆனால் அவன் கொடுத்த வாக்கை இல்லை என்று ஆக்க அவரால் முடியாதாம். திரும்பி வந்து சபை முன் ஒப்புக்கொண்டால் அன்றே மேசைகள் ஒட்டிக்கொள்ளும் என்றார். எனக்குக் கோபம் தணியவில்லை. ஆயினும் 1693இல் இந்தச் சபைக்கே பெயர் தந்த யாக்கோப் அம்மான் தம் கூட்டத்தாரிடமிருந்து பிரிந்ததற்கு இந்த விலக்கைப் பற்றிய சண்டையே பெருங்காரணம். அதை விட்டுவிடு என்பது அவரிடம் ஆமிஷாக இருக்காதே என்பதற்குச் சமம் என்பதும் புரிகிறது. என் மனைவி வந்த பனிக்காலத்தில் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டபோது, ஆறு வாரம் கேட்காமலேயே சோறும் விறகும் கொண்டுவந்தவரும் இதே மனிதர்தான். அவரை வெறுக்கவும் எனக்கு வழியில்லை.

உன் அக்கா விஷயத்தில் உங்கள் அப்பா ஒன்பது வருடம் பிடித்த பிடிவாதம் அன்று இரவு முழுவதும் நினைவில் இருந்தது. அந்த ஒன்பது வருடமும் உன் அம்மா என்ன செய்தார்கள் என்று நீ ஒருபோதும் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வரும் புதன்கிழமை அந்த அம்மாளை மறுபடியும் அழைத்துப் போக வேண்டும், அதற்குள் எழுது.

அன்புடன்,
ராகவன்