ரிக் ஃப்ளாக் 2016இல் பிறந்தவன் அல்லன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் காமிக்ஸ் கட்டுரையில், ரிக் ஃப்ளாக் என்ற கதாபாத்திரம் ‘சூசைட் ஸ்குவாட்’ என்ற 2016ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காகப் படைக்கப்பட்டவன் என்றும், கொடியவர்கள் நடுவே ஒரே நல்லவன் என்றும் ஒரு வரி வந்திருக்கிறது. முதல் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் பொறுக்க முடியவில்லை.

1959இல் ராபர்ட் கனிகர் எழுத, ராஸ் ஆண்ட்ரு வரைய, ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ என்ற அமெரிக்க காமிக்ஸின் 25ஆம் இதழில் வந்தவன் அவன். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 1987இல் ஜான் ஆஸ்ட்ராண்டர் ‘சூசைட் ஸ்குவாட்’ காமிக்ஸ் தொடரில், அரசின் ரகசியப் பணிகளுக்கு அனுப்பப்படும் சிறைக் கைதிகளுக்கு அவனைத் தலைவனாக்கினார். தப்பி ஓடினால் வெடிக்கும் காப்பு கைதிகளின் மணிக்கட்டில் இருக்கும். அது வெறும் பொய் என்று நம்பி ஓடிய ஸ்லிப்நாட் என்ற கைதிக்கு ஒரு கையே போய்விட்டது. அந்தப் படையைத்தான் ஃப்ளாக் நடத்தினான்.

அவன் நல்லவனா? குழுவின் ரகசியத்தை அம்பலப்படுத்துவேன் என்று மிரட்டிய செனட்டர் கிரேயின் உயிரை எடுக்க அவனே கிளம்பினான். அதற்கு முன்பே டோலிவர் என்ற அதிகாரியைக் கொன்றிருந்தான். குழுவை இயக்கிய அமாண்டா வாலர் அந்த மிரட்டலை ஏற்கெனவே அடக்கிவிட்டிருந்தார். அவனிடம் மட்டும் சொல்லவில்லை. கட்டளைக்குப் பணிந்தே பழகி, நியாயம் எது என்ற தெளிவே கலைந்துபோன சிப்பாய் அவன். 1989இல், 26ஆம் இதழில், பகைவர் கோட்டைக்குள் தனியாளாகப் புகுந்து அணுகுண்டு வெடிப்பில் மறைந்தான். உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்த இதழ் இன்றும் என்னிடம் இருக்கிறது. பின்னூசி துருவேறி நடுப்பக்கம் கழன்றுவிட்டது. கல்லூரி நாட்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தவன் நான். அவனை ‘நல்லவன்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே!

வருத்தம் இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. கட்டுரைக்குத் திரைப்படப் புகைப்படம் போட இடம் இருந்தது. ‘சூசைட் ஸ்குவாட்’ தொடரின் ஓவியர் லூக் மெக்டொனெல் வரைந்த ஒரு கட்டத்துக்கு இடமில்லை. எப்போது காமிக்ஸ் படம் வெளியிட்டாலும் ஓவியர் பெயரை விட்டுவிடுகிறீர்கள். இது குறித்து முன்பு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டபோதும் அந்தச் செய்தியைச் சிறுவர் பகுதியின் மூலையில்தான் போட்டீர்கள். அந்தக் கதைகளோடு வளர்ந்து இன்று தலை நரைத்தவர்களும் தங்கள் சந்தாதாரர்களே.

நாவலைப் பற்றி எழுதுகிறவர் நாவலைப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். சித்திரக்கதைக்கு மட்டும் ஏன் ஐயா சினிமா பார்த்தால் போதும் என்று விட்டுவிடுகிறீர்கள்?

அடுத்த இதழில் கனிகர், ஆண்ட்ரு, ஆஸ்ட்ராண்டர், மெக்டொனெல் ஆகியோர் பெயர்களோடு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி ஓவியம் வெளியிட்டால் அதன் அடியில் வரைந்தவர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கோவை