அக்காவுக்கு: அன்றைக்கு நான் ஏன் மடி கொடுக்கவில்லை

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் பாதிதான் சொன்னேன். அதற்குமேல் தொண்டை அடைத்துக்கொண்டது. மீதியை எழுதி அனுப்பினேன். நீ படித்துவிட்டு, "இப்படியே போடுடா, நாலு பேர் படிக்கட்டும்" என்றாய். போடுகிறேன்.

முதலில் கல்யாண வீட்டுச் சமாச்சாரம். பந்தியில் நான் மாத்திரை போட்டதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "அவனுக்கு ஓசிடி. ரொம்பச் சுத்தம் பார்ப்பான்" என்று நீ சொன்னாய். மனுஷன் என் இலையில் படாமல் கையை இழுத்துக்கொண்டார். என் அறையை நீ பார்த்திருக்கிறாய். நாற்காலியில் ஒரு மாதத் துணி கிடக்கும். எனக்கும் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? தோல் உரிகிற அளவுக்குக் கை கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் படும் பாடு சின்னதில்லை. ஆனால் இந்த நோய் ஆளுக்கு ஒரு வேஷத்தில் வரும். தமிழில் இதை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். அந்தப் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

என் சுழற்சி மேலூர் ரோட்டில் நடந்தது. வேலை மேலூரில், வீடு புதூரில், நடுவில் முப்பது கிலோமீட்டர். ராத்திரி வண்டியில் வரும்போது ஒத்தக்கடை பக்கம் ஒரு பள்ளத்தில் சக்கரம் 'டக்'கென்று இறங்கும். உடனே, பள்ளமா, ஆளா? கண்ணாடியில் பார்ப்பேன். யாரும் இல்லை. இருட்டில் ஓரமாகக் கிடந்தால் கண்ணாடியில் தெரியுமா? வண்டியைத் திருப்புவேன். போய்ப் பார்த்தால் அங்கும் யாரும் இல்லை. நிம்மதியாகக் கிளம்பி நூறு அடி வருவதற்குள், திரும்பிப் போனபோது வேறு யாரையாவது இடித்திருந்தால்? மறுபடியும் திருப்பு. முக்கால் மணி நேரப் பயணம் இரண்டரை மணி நேரமாகும். ஒருநாள் ஒரு டீக்கடைக்காரர், "என்ன தம்பி தொலைச்சீங்க?" என்றார். சாவி என்று சொல்லிவிட்டேன். பாவம், அவரும் டார்ச் எடுத்து வந்து என்னோடு கால் மணி நேரம் தேடினார். வண்டிச் சாவி என் கையிலேயே இருந்தது.

காலையில் எழுந்ததும் டயரில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் பேப்பரில் விபத்துச் செய்திகள். இது கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தெரியும். மிச்சம் இருந்த அந்த ஒரு பங்குதான் ரோட்டில் என்னை நிறுத்தி வைத்தது.

அதற்குத்தான் தினமும் ஒன்பதரை மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் ஆகலடா, போய்ச் சாப்பிடு" என்பாய். இருபது நிமிஷம் தாங்கும். மறுபடி கூப்பிடுவேன். நீயும் சலிக்காமல் சொன்னாய். மாமா தலையில் அடித்துக்கொள்வது எனக்கே கேட்கும். அந்த ஆறுதல் கந்துவட்டி மாதிரி, அக்கா. வாங்கிய நேரத்துக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும், மறுநாள் கூடுதலாகக் கேட்கும். நீ ஒவ்வொரு முறை பதில் சொன்னபோதும், 'இது பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்' என்று என் மூளை எழுதி வைத்துக்கொண்டது. "இனிமே நான் கேட்டா பதில் சொல்லாத" என்று நான் சொன்னது உன்மேல் கோபத்தில் இல்லை. சிகிச்சையில் அதுவும் ஒரு பகுதி. அதை அன்றைக்கே விளக்கத் தெம்பில்லை. நீ மூன்று வாரம் பேசாமல் இருந்தாய்.

சரி, இப்போது அழகர்கோவிலுக்கு வருகிறேன்.

2019. பெரியவளுக்குக் காதுகுத்து. மொட்டை போட்டாயிற்று, சீர்த்தட்டு இறக்கியாயிற்று, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார், தாய்மாமனைக் காணோம். வயிற்றுவலி என்று சொல்லி நான் வேனில் போய்ப் படுத்துக்கொண்டேன். பெரியம்மா மகன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். நீ அழுததாக அம்மா பிறகு சொன்னாள். சீர் செய்ய வசதி இல்லாத வெட்கத்தில் ஓடிவிட்டேன் என்று மாமா வீட்டில் பேசிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்லவும் என்னிடம் வார்த்தை இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் உன் வீட்டு மொட்டை மாடியில் அவளை இடுப்பில் வைத்து மயில் காட்டிக்கொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவர் பக்கம் போனபோது மண்டைக்குள் வந்தது: 'கீழே போட்டுடு.' குரல் எதுவும் கேட்கவில்லை, வெறும் எண்ணம்தான். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கால் நடுங்க இறங்கினேன். அந்த ராத்திரி முழுக்க, நான் ஒரு கொலைகாரன் என்று தீர்மானமாகிவிட்டது. அதற்கப்புறம் மூன்று வருஷம் உன் பிள்ளையை நான் தொடவே இல்லை. நீ கவனித்திருப்பாய்.

டாக்டர் இதைக் கேட்டுத் திடுக்கிடவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். 1978லேயே ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள், எந்த நோயும் இல்லாதவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த மாதிரிக் கண்டமேனிக்கு எண்ணங்கள் வந்து போகின்றன. அவர்கள் 'சீ' என்று உதறிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு அது ஒட்டிக்கொள்கிறது. பிள்ளை பெற்ற அம்மாக்கள் பலருக்குக்கூட வருமாம், வெளியே சொல்லப் பயந்து உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்களாம். எதை உயிராக நினைக்கிறோமோ அதைத்தான் இந்த நோய் பிடிக்கும் என்றார். பிள்ளைமேல் அக்கறை இல்லாதவனுக்குக் கால் நடுங்காதே.

அவரிடம் போனது 2022ல். அதற்கு முன்னால் நீ பாண்டி கோயிலில் கயிறு கட்டினாய், வேறொரு மருத்துவர் தூக்க மாத்திரை கொடுத்து "ரொம்ப யோசிக்காதீங்க" என்று அனுப்பினார். தூங்கினேன். எழுந்து டயரைப் பார்த்தேன். இவர் பத்துக் கேள்வி கேட்டு, நோய் எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போட்டார். 40க்கு 29. பரீட்சையில்கூட நான் அந்த விகிதத்தில் வாங்கியதில்லை. செர்ட்ரலின் மாத்திரை எழுதினார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இதற்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் வாரமே நிறுத்தியிருப்பேன்.

கூடவே பயிற்சி. பயத்தை எதிர்கொள்ள வேண்டும், ஆனால் பயம் கேட்கிற சடங்கைச் செய்யக் கூடாது. 1966ல் விக்டர் மேயர் என்பவர் லண்டனில் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதிய வழி அது. என் பாடம், மேலூரிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வீடு சேர்வது. 'நீ யாரையும் இடிக்கவில்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம்' என்று நானே சொல்லிக்கொண்டு சாப்பிட உட்கார வேண்டும். முதல் நாள் சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டும்போதே சட்டை நனைந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமலேயே, பயம் தானாக இறங்கியது. அப்படி ஒன்று நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியவே தெரியாது.

முழுசாகப் போய்விடவில்லை. போன மழையில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பினேன். மாத்திரை இன்னும் ஓடுகிறது.

உன் சிநேகிதி தன் மகன் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிறான் என்றாளே, அவளிடம் 14416 என்ற எண்ணைக் கொடு. டெலி மானஸ், மனநல உதவிக்கான போன் சேவை. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பையனைத் திட்ட வேண்டாம் என்றும் சொல்.

தையில் சின்னவனுக்குக் காதுகுத்து என்று அம்மா சொன்னாள். பெரியம்மா மகனிடம் யாரும் பேச வேண்டாம், மடி என்னுடையது. அங்கே உட்கார்ந்ததும் அந்த எண்ணம் வரலாம். வந்தால் வரட்டும், அதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருவேளை உன்னை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளையைச் சரியாத்தானே பிடிச்சிருக்கேன்?" என்று கேட்டாலும் கேட்பேன்.

பதில் சொல்லிடாத.

உன் தம்பி