சைலன்சர் வாங்கும் முன்

அன்புள்ள செல்வம்,

படங்கள் வந்தன. பச்சை டேங்க், சிவப்பு ஃபிரேம். 2001 மாடல் மோட்டோ குஸ்ஸி வி11 ஸ்போர்ட்டுக்கு அதைவிட நல்ல நிறம் இல்லை. எதை முதலில் வாங்குவது என்ற உன் கேள்விக்கு நேராக வருகிறேன். கார்பன் சைலன்சர், கிராஸ்ஓவர் (இரண்டு புகைக்குழாயையும் இணைப்பது), பவர் கமாண்டர் (பெட்ரோல் அளவை மாற்றும் மின்னணுப் பெட்டி) மூன்றையும் ஒரே நாளில் ஆர்டர் பண்ணாதே. கிராஸ்ஓவரை முதலில் வாங்கு. சைலன்சரை ஆசைப்பட்டால் வாங்கு. பவர் கமாண்டர் கடைசி. இந்த மூன்றுக்கும் முன்னால், காசு அதிகம் செலவாகாத ஒரு நாள் வேலை இருக்கிறது.

இந்த வண்டியின் வெபர் மரெல்லி 15எம் கம்ப்யூட்டர் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பதே இல்லை. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் சுற்றுகிறது, இந்த இரண்டை வைத்து, மேப் என்கிற அட்டவணையில் பார்த்துப் பெட்ரோல் விடுகிறது. சூடும் காற்றழுத்தமும் சின்னத் திருத்தங்கள்தான். உன் மாடலில் புகையில் ஆக்சிஜனைப் பார்க்கும் லாம்டா சென்சாரும் கிடையாது. நீ எந்தக் குழாயை மாட்டினாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. த்ராட்டில் சென்சார் தப்பான எண்ணைச் சொன்னால் அட்டவணையில் தப்பான கட்டத்தைப் படிக்கும், அவ்வளவுதான்.

எனவே முதலில் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. எஞ்சின் ஆறியிருக்கும்போது கம்பெனிக் கணக்கு இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. பழகிய கைகள் பலரும் 0.15, 0.20 வைக்கிறார்கள், ஐடிலிங் நிதானமாகும், கொஞ்சம் டிக்டிக் சத்தம் கூடும். நானும் இந்தக் கட்சிதான். அடுத்து, த்ராட்டில் பாடிக்கும் (காற்றைத் திறந்து மூடும் பாகம்) சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர்களை விரலால் வளைத்துப் பார். வெளியே நல்லதாகத் தெரியும், வளைத்தால் வெடிப்பு வாயைத் திறக்கும். அங்கே காற்று இழுத்தால் நீ போடும் எந்த மேப்பும் வீண்.

பிறகு த்ராட்டில் சென்சார். இரண்டு த்ராட்டில் பாடியையும் இணைக்கும் கம்பியைப் பந்து மூட்டிலிருந்து கழற்று. ஃபாஸ்ட் ஐடில் லீவர் மூடியிருக்கட்டும். வலப்பக்க ஸ்டாப் திருகைப் பின்வாங்கி, த்ராட்டில் தட்டு முழுசாக மூடும்படி விடு. சாவியைப் போட்டு, மல்டிமீட்டரில் சென்சார் சிக்னலைப் பார்: 150 மில்லிவோல்ட் வர வேண்டும். திருகை இறுக்கும்போது எண் ஐந்து பத்து நழுவும். எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து, அந்த அளவு முன்பே தள்ளி வைத்து இறுக்கு. இரண்டு மூன்று முறை த்ராட்டிலைப் படாரென்று மூடி, எண் திரும்ப அதே இடத்துக்கு வருகிறதா பார். கீழ்த் திறப்பில் ஒரு டிகிரிக்குச் சுமார் 100 மில்லிவோல்ட். 50 பிசகினால் அரை டிகிரி. முழு த்ராட்டிலில் அது ஒன்றுமே இல்லை. மூன்று டிகிரி திறப்பில் டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது அதுவே இருமல், குலுக்கல் எல்லாம்.

கம்பியைத் திரும்ப மாட்டியபின் வலப்பக்க ஸ்டாப் திருகைத் தொடாதே. தட்டைச் சுற்றிக் காற்று விடும் ஏர் பைபாஸ் திருகு இரண்டையும் ஒரு சுற்று திறந்து வைத்து, இடப்பக்கத் திருகில் ஐடிலிங்கை 1,100 பக்கம் கொண்டு வா. வேக்கம் கேஜ் (இரண்டு பக்கமும் உறிஞ்சுவதைக் காட்டும் மீட்டர்) மாட்டி, ஐடிலிங்கில் பைபாஸ் திருகாலும், 3,000 ஆர்பிஎம்மில் இணைப்புக் கம்பியில் உள்ள வெள்ளைச் சக்கரத்தாலும் இரண்டு பக்கத்தையும் சமப்படுத்து.

இன்னொரு கள்ளன்: எஞ்சின் சூட்டைப் பார்க்கும் சென்சாரின் பிளாஸ்டிக் பிடி. அது உடைந்தால் சென்சார் சூட்டைச் சரியாக உணராது. எஞ்சின் ஆறியே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் விழுந்து, பிளக் கறுத்திருந்தால் முதலில் அங்கே பார். பித்தளைப் பிடி போட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இனி கிராஸ்ஓவர். 90 டிகிரி வி-ட்வின் 270, 450 டிகிரி என்று ஒழுங்கில்லாத இடைவெளியில் வெடிப்பது உனக்குத் தெரியும். ஒரு சிலிண்டரின் புகைக்கு இரண்டு சைலன்சரும் கிடைக்கும்படி செய்வது இந்த இணைப்புதான். பின்னால் வந்த மாடல்களில் ஹெடரின் (ஹெட்டிலிருந்து வரும் புகைக்குழாய்) முன்புறம் இன்னொரு இணைப்புக் குழாய் உண்டு. உன்னுடையதில் கியர்பாக்ஸுக்கு அடியில் இருப்பது மட்டும்தான், எல்லாச் சுமையும் அதன் தலையில். பழைய கிராஸ்ஓவர் பெட்டி வெல்டிங் ஓரத்தில் விரியும். ஸ்டுக்கி செய்யும் கிராஸ்ஓவர் போட்டால் நடு ஆர்பிஎம்மில் இழுவை கூடுவது கையிலேயே தெரியும். அதைத் தூக்கிவிட்டு இரண்டு நேர்க்குழாய் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்த நடுவேகம்தான் பள்ளமாகும்.

மாட்டும்போது எல்லாக் கிளாம்பையும் தளர்வாக விட்டு, ஹெட் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வா. ஹெட்டில் புது கேஸ்கெட், ஸ்லீவில் காப்பர் கிரீஸ். ஒரு தடவை சூடேறி ஆறியபின் ஹெடர் நட்டுகளைத் திரும்ப இறுக்கு.

சைலன்சர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை குறையும், சத்தம் அழகாகும், பவர் சொற்பம். உங்கள் ஊரில் "சாலைக்கு அல்ல" என்று முத்திரை குத்திய சைலன்சர் எம்ஓடியில் (பிரிட்டனின் வருடாந்திர வண்டிச் சோதனை) தோற்கும், வாங்கும்போதே திருப்பிப் பார். ஏர்பாக்ஸை, அதாவது ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு கூம்பு ஃபில்டர் போடும் எண்ணம் இருந்தால் மறந்துவிடு.

இவ்வளவும் ஆனபின் பவர் கமாண்டர். அதோடு வரும் மேப் வேறு யாருடைய வண்டிக்கோ எழுதியது. தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள். ஹெடரில் எம்18×1.5 பங் (சென்சாரைத் திருகும் மரை) வெல்டு பண்ணி, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் மாட்டு. கிராஸ்ஓவருக்கு முன்னால், இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக. இல்லாவிட்டால் ஒன்று ரிச் (பெட்ரோல் அதிகம்), ஒன்று லீன் (பெட்ரோல் குறைவு) என்றிருந்தாலும் சராசரியைக் காட்டி ஏமாற்றும். சென்சார் படுக்கையாக இல்லாமல் 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், நீர் தேங்கினால் செத்துவிடும். விகிதம் முழு த்ராட்டிலில் 13 பக்கம், சீரான ஓட்டத்தில் 14 பக்கம் போதும். ஐடிலிங்கில் காட்டுவதை அப்படியே நம்பாதே. எங்காவது காற்று கசிந்தால் லீன் மாதிரி பொய் சொல்லும். த்ராட்டிலை மூடும்போது பட்பட்டென்று வெடித்தாலும் மேப்பில் பெட்ரோலைக் கூட்டாதே, முதலில் ஹெடர் கேஸ்கெட்டில் கசிவைத் தேடு.

நெடுஞ்சாலையில் அரைமணி ஓடியபின் லீன் ஆகி எஞ்சின் தடுமாறினால் ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் வென்ட் வால்வு அடைத்திருக்கிறது. பெட்ரோல் பிரஷர் 3 பார் நிற்க வேண்டும். வென்ட் அடைத்தால் நிற்காது. அதை மேப்பில் சரிசெய்யப் பார்த்தால் ஆயுசு முழுக்க மேப் எழுதிக்கொண்டிருப்பாய்.

த்ராட்டில் சென்சார் மல்டிமீட்டரில் இப்போது என்ன எண் காட்டுகிறது என்று எதையும் தொடும் முன் குறித்து எனக்கு எழுது. டேப்பெட் கவர் கேஸ்கெட் இரண்டை இப்போதே வாங்கி வை. பழையது கழற்றும்போது கிழியும்.

அன்புடன்,
முருகேசன்